சவூதியிலிருந்து வந்த காய்ச்சல்: திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலையொன்றில் நடந்த ஒத்திகை

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலை 7.40 மணிக்கு, திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் வாயிலுக்குள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் இருமிக்கொண்டே நுழைந்தார். அவருக்கு ஐந்து நாட்களாகக் காய்ச்சல், வறட்டு இருமல், முந்திய இரவிலிருந்து சற்று மூச்சு வாங்குகிறது. சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுப் பத்து நாட்களுக்கு முன்னர்தான் ஊர் திரும்பியவர். இவை அனைத்தும் முன்னரே எழுதி, மனப்பாடம் செய்விக்கப்பட்ட விபரங்கள். உண்மையில் அவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்த தாதியர் பயிற்சி மாணவி. உடல்நலத்துக்கு ஒரு குறைவும் இல்லாதவர். வைத்தியசாலைக்குள் இது தெரிந்தவர்கள் மூவர் மட்டுமே: பொறுப்பு வைத்திய அத்தியட்சகர், தாதிய பரிபாலகர், கவனிப்பாளராக அழைக்கப்பட்டிருந்த நான். நோயாளியின் உறவினரைப் போல ஒரு பழைய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் அதே வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அறிவிக்காமல் நடத்தும் ஒத்திகையில் ஓர் அறச்சிக்கல் உண்டு. போலி நோயாளி ஒருவர் வரிசையில் நிற்கும்போது உண்மையான நோயாளி ஒருவரின் நேரம் பறிபோகிறது. அதனால் அன்று காலை வேறொரு காரணம் சொல்லி மேலதிகமாக ஒரு வைத்தியர் வெளிநோயாளர் பிரிவில் அமர்த்தப்பட்டிருந்தார். மாணவியின் கைப்பையில் “இது ஒத்திகை” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை இருந்தது. எவராவது ஊசி ஏற்ற முற்பட்டாலோ உண்மையான அவசர நோயாளி ஒருவர் கொண்டுவரப்பட்டாலோ அதைக் காட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்காதவரிடம் தானாகச் சொல்லக் கூடாது, ஆனால் யாராவது அன்பாக விசாரித்தால் சவூதியின் பெயரைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம் என்பவையே அவருக்குத் தரப்பட்ட விதிகள்.

மத்திய கிழக்கு சுவாச நோய்க்குறியை, அதாவது மேர்ஸ் நோயை, நாங்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. 2012 இல் சவூதியில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இந்த வைரசு ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது. தொற்றியதிலிருந்து 2 முதல் 14 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்துள்ளனர். தடுப்பூசி எதுவும் பாவனைக்கு வரவில்லை. கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆகிய பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வருவோரும், உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்று திரும்புவோரும் எத்தனையோ பேர். தொலைதேசத்து நோய் என்று இங்கு யாரும் சொல்லிவிட முடியாது. அத்துடன் இந்நோய் சந்தையிலோ பேருந்திலோ பரவுவதைவிட வைத்தியசாலைக்குள் பரவுவதே அதிகம். ஆகவே வைத்தியசாலையைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது அரிது.

வாங்கில் கழிந்த நேரம்

வாயிற் காவலர் கையசைத்து உள்ளே அனுப்பினார். இலக்கத் துண்டு கொடுத்தவர் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதன்பின் 9.15 வரை மாணவி வாங்கில் இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் நீரிழிவுக் கிளினிக்குக்கு வந்த முதியவர். மறுபக்கம் கைக்குழந்தையுடன் ஒரு தாய். முன்வரிசை நகர நகர ஆட்கள் எழுந்து மாறி உட்கார்ந்ததால், அவரிடமிருந்து இரண்டு கை நீளத்துக்குள் அமர்ந்து எழுந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் என்று என் குறிப்பில் பதிந்திருக்கிறேன். மின்விசிறி ஒன்று அவர் பின்னாலிருந்து வரிசையின் மீது சுழன்றுகொண்டிருந்தது.

அவரைப் பார்த்த வைத்தியர் இளைஞர், சிங்களவர், பணிக்காக முயன்று தமிழ் கற்றவர். “எத்தனை நாள் காய்ச்சல்? வாந்தி இருக்கா? தண்ணி குடிக்கிறதா?” என்று பொறுமையாகவே கேட்டார். மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டெங்கை நினைத்தே இவ்வளவும் செய்தார் என்பதில் ஐயமில்லை, அதில் பிழை காணவும் முடியாது. 2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவாகியபோது, அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே கிண்ணியா அதன் கொடுமையை அனுபவித்தது. காய்ச்சல் என்றதும் குருதிச் சிறுதட்டை எண்ணுவது இம்மாவட்டத்து வைத்தியர்களுக்குப் பட்டறிவு தந்த பழக்கம். ஆனால் டெங்கு நோயாளியை மற்றவர்கள் நடுவில் உட்கார வைத்தால் அவரது மூச்சு எவரையும் தொற்றாது. பயணம் பற்றிய கேள்வி அந்த வைத்தியர் கற்ற தமிழ்க் கேள்விகளுக்குள் இருக்கவில்லை. அவரது மேசையிலிருந்த படிவத்திலும் இருக்கவில்லை.

ஆய்வுகூடத்துக்கு வெளியே இரண்டாவது வரிசை. அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிற்றூழியர் ஒருவர், இருமலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, “என்ன தங்கச்சி, இப்பிடி இருமுறீங்க, எங்க இருந்து வாறீங்க?” என்று விசாரித்தார். மாணவி விதிப்படி பதில் சொன்னார். சவூதி என்ற சொல் வாயிலிருந்து வந்த உடனே அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து புதிய முகக்கவசம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதப் போட்டுக்கொண்டு என்னோட வாங்க” என்று சொல்லி, மாணவியை வெளியே கூட்டிப்போய் வேப்பமரத்தடிச் சீமெந்துக் கட்டில் தனியாக உட்கார வைத்தார். அப்போது மணி 9.50. அன்று அந்த வைத்தியசாலையில் தொற்றுக் கட்டுப்பாடு என்று சொல்லத்தக்க முதற்செயல் அதுதான். அலுமாரியிலிருந்த எண்பது பக்க ஆயத்தத் திட்டத்தில் சிற்றூழியர்கள் பற்றி எழுதப்பட்டிருந்தவை கழிவகற்றலும் உடலங்களைக் காவுதலும் மட்டுமே.

அதற்குப் பிறகு செய்தி தேங்கியது. சிற்றூழியர் சிகிச்சை அறைத் தாதியிடம் சொன்னார். கை நிறைய வேலையோடிருந்த தாதி “டொக்டர்ட்ட சொல்லச் சொல்லுங்க” என்றார். வைத்தியரின் அறைக்குள் நோயாளிகள் இருக்கையில் தானாக நுழைந்து பேசுவது சிற்றூழியரின் வழக்கமல்ல. அவர் கதவருகே நின்றார், திரும்பினார், மறுபடி போய் நின்றார். இறுதியில் 10.25 க்கு வேறொரு தாதிய உத்தியோகத்தர் அவரைக் கண்டு விசாரித்ததால்தான் வைத்தியரின் காதுக்கு விடயம் எட்டியது. எட்டிய பின் வைத்தியர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

இந்த முப்பத்தைந்து நிமிடங்களைப் பார்த்தபோது எனக்கு அமெரிக்காவின் டலஸ் நகரம் நினைவுக்கு வந்தது. 2014 செப்டெம்பரில் லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் காய்ச்சலோடு அங்குள்ள வைத்தியசாலையொன்றின் அவசரப் பிரிவுக்குப் போனார். அவர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைத் தாதி கேட்டுப் பதிவும் செய்திருந்தார். அந்தத் தகவல் முடிவெடுப்பவர்களின் கவனத்தில் ஏறாததால் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 28 ஆம் திகதி நோய் முற்றி அம்புலன்சில் திரும்பிவந்தார். எபோலா என்று உறுதியானது. ஒக்டோபர் 8 ஆம் திகதி இறந்தார். அவரைப் பராமரித்த தாதியர் இருவருக்கும் தொற்றியது. வசதியில் நமக்கும் அந்த வைத்தியசாலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. தெரிந்த ஒருவரிடமிருந்து தெரிய வேண்டிய ஒருவருக்குச் செய்தி போகாதது மட்டும் இரு இடத்திலும் ஒன்று.

அறையும் புகையும்

தனிமைப்படுத்தல் அறை என்று திட்டத்தில் குறிக்கப்பட்ட அறையின் சாவி களஞ்சியப் பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் வங்கிக்குப் போயிருந்தார். கதவு திறந்தபோது உள்ளே சேலைன் பெட்டிகளும் கால் உடைந்த கட்டிலொன்றும் இருந்தன. அவற்றை வெளியே எடுத்துவிட்டு மாணவியை உள்ளே விட 11.05 ஆயிற்று. வாயிலைத் தாண்டியதிலிருந்து மூன்று மணி இருபத்தைந்து நிமிடம்.

அறைக்குள் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பொறியேதும் இல்லை. அதற்காக அறையைப் பயனற்றது என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. காற்றால் பரவும் நோயுள்ளவரை வைக்கும் அறையில், பொறியின்றி இயற்கைக் காற்றோட்டத்தை நம்பினால் ஒரு நோயாளிக்கு வினாடிக்குச் சராசரி 160 லீற்றர் காற்று மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ளது. உயரமான கூரையும் எதிரெதிர்ச் சாளரங்களும் கொண்ட பழைய கட்டடங்களில், கடற்காற்று படும் நம் ஊரில், இது எட்ட முடியாத அளவு அல்ல. ஆனால் எவ்வளவு காற்று மாறுகிறது என்று கேட்டால் போதாது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் கீழிடுக்கில் பிடித்தோம். புகை நடைபாதையிலிருந்து அறைக்குள் இழுபட்டு, வடகிழக்குச் சாளரத்தால் வெளியேறி முட்கம்பி வேலிப் பக்கமாகக் கலைந்தது. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. நல்லது என்று குறித்துக்கொண்டோம். அந்தக் குறிப்பு அரை ஆண்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்று அப்போது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

பாதுகாப்பு அங்கிகளும் என் 95 முகக்கவசங்களும் கொவிட் காலத்து மிச்சமாகப் போதியளவு இருந்தன. அணிவதில் பெரிய தவறு நேரவில்லை. கழற்றும்போதுதான் தவறு நேர்ந்தது: கையுறையைக் கழற்றிய இளம் வைத்தியர் முகக்கவசத்தின் முன்புறத்தை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். 2021 இல் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதாயிருந்த ஒழுங்கு சில ஆண்டுகளில் கையை விட்டுப் போயிருந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாடி வைத்திருக்கும் ஊழியர்களின் முகத்தில் இக்கவசம் ஒட்டி நிற்காது. ஊதிப் பார்த்தால் விளிம்பால் காற்றுக் கசியும். மார்க்க நெறிப்படி தாடி வைத்த ஒருவரை அதை மழிக்கச் சொல்வது பொருத்தமும் அல்ல, பயன் தரும் வழியும் அல்ல. அந்த அறைக்குள் செல்லும் முறை அவருக்கு வராதபடி பணிப்பட்டியலை முன்கூட்டியே அமைத்தால் பேச்சு அத்துடன் முடிந்தது.

தொடர்பாளர் பட்டியல் என்னும் வெற்றுத்தாள்

ஐயம் எழுந்த உடனேயே அறிவிக்க வேண்டும், ஆய்வுகூட உறுதிப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அறிவித்தல் முறையின் அடிப்படை. 1897 ஆம் ஆண்டின் தொற்றுத்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் கடமை அது. தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் சரியாக நிரப்பப்பட்டது. பிராந்திய தொற்றுநோயியலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் தொலைபேசியில் சொல்லப்பட்டது. மாதிரியை கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவதற்கான மூவடுக்குப் பெட்டியும் இருந்தது. பனிப்பொதி வேறு கட்டடத்துக் குளிர்ப்பெட்டியில் இருந்தது. சாரதி நோயாளியொருவரோடு அநுராதபுரம் போயிருந்தார். இவை ஒரு கூட்டத்தில் தீர்க்கக்கூடிய குறைகள்.

தீர்க்க முடியாமற்போனது வேறு. “காலையில் இவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் யார்?” என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டபோது எவரிடமும் பதில் இல்லை. இலக்கத் துண்டுகள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. பதிவேட்டில் பெயரும் ஊரும் இருந்தன, தொலைபேசி எண் இல்லை. நோயாளியோடு துணைக்கு வந்தவர்களின் பெயர் எதிலுமே இல்லை. பன்னிரண்டு மணி மணியடித்ததும் சோற்றுப் பார்சலோடு உள்ளே வரும் கூட்டத்தை யார் எண்ணுவது?

துணைக்கு வருவோரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்குத் தென்கொரியாவின் அனுபவமே விளக்கம். 2015 மே மாதம் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவரின் நோய் இன்னதென்று தெரியாமலே அவர் ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளுக்குப் போனார். அவரிடமிருந்து ஆரம்பித்த தொடரில் 186 பேருக்கு மேர்ஸ் தொற்றி, 38 பேர் இறந்தனர். அந்தத் தொடரில், சியோலின் பெரிய வைத்தியசாலையொன்றின் அவசரப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்த ஒரேயொரு நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அவர்களில் நோயாளிகள் 33 பேர், சுகாதார ஊழியர்கள் 8 பேர், எஞ்சிய 41 பேரும் பார்க்க வந்தவர்களும் துணைக்கு நின்றவர்களும். நோயாளியின் கட்டிலடியில் குடும்பம் இருந்து பராமரிப்பது கொரியரின் வழக்கம். நம்முடையதும் அதுவே. அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. தாதியர் பற்றாக்குறையுள்ள விடுதிகளில் அம்மாவோ மகளோ இல்லையென்றால் நோயாளிக்கு வாயில் தண்ணீர் வைக்கவும் ஆளிருக்காது. ஆனால் இருப்பவர் யாரென்று எழுதியாவது வைக்க வேண்டும்.

“ஆருக்கிட்டச் சொல்லுற?”

மறுநாள் கலந்துரையாடல் தமிழிலும் சிங்களத்திலுமாக நடந்தது. தங்களைச் சோதித்துவிட்டார்கள் என்ற கோபம் முதலில் இருந்தது, நியாயமான கோபம். பின்னர் கதவோரக் கதிரையில் இருந்த அந்தச் சிற்றூழியரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றே பேசினார்.

“நான் றியாத்தில ஆறு வருசம் வேலைக்கு நிண்டனான், சேர். நான் நிண்ட காலத்தில அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அவசரப் பகுதியையே பூட்டினவங்க. அந்த இருமலக் கேட்டதும் எனக்கு விளங்கிட்டுது. ஆருக்கிட்டச் சொல்லுற எண்டுதான் விளங்கயில்ல.”

அவர் சொன்னது சரி. 2015 ஆகஸ்டில் றியாத்தின் பெரிய வைத்தியசாலையொன்று மேர்ஸ் பரவியதால் தன் அவசர சிகிச்சைப் பிரிவை மூடியது. எங்களில் எவரும் நேரில் அறியாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். இம்மாவட்டத்தின் எந்த வைத்தியசாலையிலும் அவரைப் போல் வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவர்கள் துப்புரவுப் பணியிலும் சமையலறையிலும் இருப்பார்கள். அவர்களிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை.

அன்று எடுத்த முடிவுகளில் நான் முக்கியமாகக் கருதுவது சிவப்புத் துண்டு. காய்ச்சலும் இருமலும் அண்மைப் பயணமும் சேர்ந்திருப்பவருக்கு எந்த ஊழியரும், சிற்றூழியர் உட்பட, எவரையும் கேளாமலே முகக்கவசமும் சிவப்புத் துண்டும் கொடுத்து வேப்பமரத்தடியில் இருத்தலாம். அத்துண்டைக் கண்ட வைத்தியர் அடுத்ததாக அவரையே பார்க்க வேண்டும். சளி பிடித்தவர்களெல்லாம் மரத்தடியில் குவிவார்கள் என்று ஒருவர் எதிர்த்தார். குவியட்டும், நிழலில் அரைமணி இருப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் நீண்ட நேரம் சென்றது. சீருடை அணிந்த ஒருவர் வாயிலில் நின்று “எங்கிருந்து வருகிறாய்?” என்று கேட்டால், சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது சுகாதாரக் கேள்வியாகக் கேட்காது. கொவிட் காலத்து நினைவும் ஆறவில்லை. 2020 ஏப்ரலில் அந்நோயால் இறந்தவர்களின் உடலங்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டு, அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அது தொடர்ந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை, வைத்தியசாலைக்குப் போனால் மையத்தும் கிடைக்காது என்ற அச்சம் முஸ்லிம் குடும்பங்களில் இருந்தது. அந்த அச்சத்தை அனுபவித்தவர் பயணத்தை மறைத்தால் அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கேள்வி காவலரிடமிருந்து துண்டு கொடுப்பவரிடம் மாற்றப்பட்டது. சொற்களும் மாறின: “நீங்களோ வீட்டில ஆருமோ வெளிநாட்டால வந்திருக்கிறீங்களா? அதுக்கேத்த மருந்து பாக்கத்தான் கேக்கிறம்.” சிங்கள வைத்தியர் இதைத் தன் சிறு கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார்.

இரவுப் பணியில், ஊழியர் பாதியாகக் குறையும் நேரத்தில் இவற்றில் எத்தனை நடக்கும் என்பதை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. துணையாட்களின் பெயரெழுதும் பதிவேடு மூன்று வாரம் ஒழுங்காக நடந்து, பிறகு பக்கங்கள் வெறுமையாகின.

கார்த்திகையில் வாடைக் காற்று தொடங்கியபின், தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் தானாகவே ஓர் ஊதுபத்தியோடு அந்த அறைக்குப் போயிருக்கிறார். வடகிழக்குச் சாளரத்தால் உள்ளே புகுந்த காற்று, புகையைக் கதவின் கீழால் நேரே நடைபாதைக்கும் அங்கிருந்து பெண்கள் விடுதிக்கும் தள்ளியது. ஆறு மாதத்துக்கு நோயைத் தடுக்கும் அறை, அடுத்த ஆறு மாதத்துக்கு அதைப் பரப்பும் அறையாகிறது. வாடைக் காலத்துக்குத் தென்மேற்குப் பக்கத்தில் வேறோர் அறை வேண்டும். அந்தப் பக்கத்தில் பொருத்தமாக இருப்பது ஒன்றே ஒன்று: வைத்தியர்களின் தேநீர் அறை. அதை விட்டுக்கொடுப்பதென்று கொள்கையளவில் உடன்பாடு கண்டிருக்கிறார்கள். கேத்தல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.